தூண்டிலும் தபால் பையும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் "வன்னிக் குளங்களில் தூண்டில் போடுவது பற்றிக் கேளுங்கள்" என்று ஆசிரியர் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தார். வந்த கடிதங்களை ஒரு சொப்பிங் பையில் போட்டு என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இருபத்தெட்டு வருஷம் மற்றவர்களுக்குக் கடிதம் சுமந்தவனுக்கு இவ்வளவு கடிதம் ஒரே நாளில் வந்தது இதுதான் முதல் தடவை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஓய்வுபெற்ற தபால்காரன். மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம் பக்கமெல்லாம் சைக்கிளில் திரிந்தவன். சைக்கிள் பாரோடு சேர்த்து ஒரு மூங்கில் தடி எப்போதும் கட்டியிருக்கும். கடைசிக் கடிதம் கொடுத்த வீட்டுக்குப் பின்னால் குளம் இருந்தால் அரைமணி நேரம் தங்குவேன். மேலதிகாரிகளுக்கு இது தெரிந்திருந்ததா என்று யாரும் கேட்டு எழுத வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சியில் வங்கியொன்றில் வேலை செய்கிறேன். இரணைமடுக் குளத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு போனேன். அணைக்கட்டில் நின்று காலை முழுக்கப் போட்டும் ஒரு மீன் படவில்லை. எந்த இடத்தில் நின்றால் மீன் படும்?
(கிளிநொச்சி)

பதில்: தம்பி, பையில் இருந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கேள்விதான். எந்த இடம், எந்த இடம். எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். குளத்தில் இடத்தைக் கேட்காதீர்கள், அடியைக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் இரண்டு கமக்காரர் சந்தித்தால் "குளம் இப்ப எத்தினை அடி?" என்றுதான் கதை தொடங்கும். இரணைமடு 34 அடியாக இருந்து, திருத்தியபின் 36 அடி கொள்ளும் குளமாகியது. நீங்கள் எந்த மாதம் போனீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் "அலை கட்டில் அடித்து உடுப்பு நனைந்தது" என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் தண்ணீர் நன்றாக மேலே நின்றிருக்கிறது. கட்டடியில்தான் குளம் ஆழம் கூட. உங்கள் முள் மேல்தண்ணீரில் ஐந்தாறு அடிக்குள் தொங்கும். மீனோ அப்போது அங்கே இல்லவே இல்லை. குளம் நிரம்பினால் மீன் கட்டை விட்டு எதிர்ப்பக்கம் போய்விடும். தண்ணீர் புதிதாக ஏறிய புல்லும் பற்றையும் நிற்கும் பக்கம் அது. நாங்கள் அலைகரை என்போம். வெள்ளம் மூடிய புல்லில் பூச்சி, புழு, நத்தை எல்லாம் இருக்கும். நீங்கள் மீனாக இருந்தால் கல் அடுக்கிய கட்டடியில் நிற்பீர்களா, புதுச் சாப்பாடு கிடைக்கும் இடத்துக்குப் போவீர்களா?

பிறகு சிறுபோகம், அதாவது கோடை நெல் விதைப்பு வரும். வயலுக்குத் தண்ணீர் விடத் துருசு திறப்பார்கள். கிழமைக்குக் கிழமை தண்ணீர் இறங்கும். அலைகரை காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது மீனும் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே வரும். அப்போது பழைய ஆற்றுப் பள்ளம் எங்கே என்று தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். இரணைமடு கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். ஆறு குளத்துக்கு அடியில் இன்னும் அப்படியே கிடக்கிறது. தண்ணீர் வற்ற வற்ற மீன் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஒடுங்கும். ஆடி கடைசி, ஆவணியில் போய்ப் பாருங்கள். செத்த மரக்குற்றிகள் வரிசையாகத் தலை காட்டும். அந்த வரிசை சும்மா வந்ததல்ல. முன்பு ஆற்றங்கரையில் நின்ற மருதமரங்களின் மிச்சம் அது. கரையிலிருந்து எட்டக்கூடிய ஒரு குற்றிக்குப் பக்கத்தில் முள்ளை இறக்குங்கள்.

நேரமும் முக்கியம். சோளகம் வீசும் மாதங்களில் காலை எட்டரைக்கு மேல் காற்று எழும்பிவிடும். மிதப்பு துள்ளுவது மீன் இழுத்தா அலை அடித்தா என்று தெரியாது. விடிய ஆறு மணிக்குத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். அந்த இரண்டரை மணி நேரம்தான் உங்களுக்கு. காலை முழுக்க நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று எழுதவில்லை. வங்கிக்காரர் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழும்புவார் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மேலதிகத் தண்ணீரை வெளியே விடும் வான்கதவுக்கும் துருசுக்கும் பக்கத்தில் தூண்டில் போட நிற்க வேண்டாம். மேலே அமைதியாக இருக்கும் தண்ணீர் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: அண்ணை, நாங்கள் மார்கழி லீவுக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். பிள்ளைகளுக்கு நான் சின்ன வயதில் தூண்டில் போட்ட குளங்களைக் காட்ட வேண்டும். எந்தக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்?
(கனடாவிலிருந்து, முன்னாள் பாண்டியன்குளம்)

பதில்: வாருங்கள், வந்து குளத்தைக் காட்டுங்கள். தூண்டிலை மட்டும் வீட்டில் வையுங்கள். நீங்கள் போய் நெடுநாள் ஆகிவிட்டதென்று நினைக்கிறேன். மார்கழி எங்களுக்கு அடைமழைக் காலம் என்பதைக்கூட மறந்துவிட்டீர்கள். 2018 மார்கழியில், இரணைமடு திருத்தித் திறந்த அதே மாதம், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றது உங்களுக்கும் செய்தியில் வந்திருக்கும்.

ஊரில் உள்ளவர்கள் உங்களுக்கு ஆசை காட்டுவார்கள். "வான் பாயுது, மீன் ஏறுது, வாங்கோ" என்பார்கள். உண்மைதான். குளம் நிரம்பி வான் பாயும்போது கீழே இருக்கும் கெளிறும் பனையேறியும் விராலும் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறப் பார்க்கும். அத்தாங்கை வைத்தாலே மீன் தானாக வந்து விழும். அதைப் பார்த்து நானும் ஒரு முறை இறங்கினேன். தபால் பை தோளில், செருப்பு காலில். பாசி பிடித்த கல்லில் கால் வைத்ததுதான் தெரியும். பத்துப் பன்னிரண்டு யார் தூரம் தண்ணீர் என்னை உருட்டிக்கொண்டுபோய் ஒரு ஈச்சம்பற்றையில் செருகியது. முழங்கை முழுக்க முள். செருப்பு போய்விட்டது. பையை மட்டும் விடவில்லை. ஆனால் கடிதம் அத்தனையும் நனைந்துவிட்டது. அன்று இரவு வீட்டில் கொடி கட்டி, பிள்ளைகளின் சட்டைக்குக் குத்தும் கிளிப்பால் ஒவ்வொரு கடிதமாகத் தொங்கவிட்டோம். மனைவி அடுப்பில் தணல் போட்டுச் சூடு காட்டினாள். ஒரு உறையில் மை கரைந்து பெயரே இல்லை. எழுத்தின் சாய்வைப் பார்த்து யாருடையது என்று கண்டுபிடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா "ஏன் ராசா, கடிதம் மீன் மணக்குது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு ஆடி, ஆவணியில் நீண்ட விடுமுறை வரும்தானே. அப்போது வாருங்கள். வவுனிக்குளம் தண்ணீர் இறங்கி, கரை நடந்து திரிய வசதியாக இருக்கும். ஆனால் அந்தக் குளம் 1963 இலிருந்து வனவிலங்கு சரணாலயம். மன்னாரில் கட்டுக்கரைக்குளம் 1954 இலிருந்து. ஆகவே தடியைத் தூக்கிக்கொண்டு நேரே கரைக்குப் போகாமல், ஊர் மீன்பிடிச் சங்கத்தில் யாரையாவது பிடித்து எங்கே போடலாம், எங்கே கூடாது என்று கேட்டுவிட்டுப் போங்கள். வழியில் முறிகண்டியில் கச்சான் வாங்க மறக்க வேண்டாம். மீன் படாவிட்டாலும் பிள்ளைகள் கொறிக்க ஏதாவது வேண்டும்.

கேள்வி: ஜப்பான் மீன் என்கிறோமே, அது ஜப்பானிலிருந்து வந்ததா?
(வவுனியா)

பதில்: இல்லை. ஆபிரிக்கா. திலாப்பியா என்று புத்தகம் சொல்லும். இலங்கைக் குளங்களுக்கு 1952 இல் கொண்டுவந்து விட்டார்கள். அதன் உறவுக்காரனான நைல் திலாப்பியா பிறகு வந்தது. இப்போது குளத்தில் இரண்டும் கலந்து, எது எது என்று சொல்ல முடியாத பிள்ளைகளும் பிறந்துவிட்டன.

வந்தான் வரத்தான் என்று சிலர் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். குளம் கட்டுவதற்கு முன் இங்கே இருந்தது ஆற்று மீன். அசையாமல் நிற்கும் பெரிய தண்ணீரில் பாசியைத் தின்று பெருகக்கூடிய மீன் எங்களிடம் பெரிதாக இருக்கவில்லை. அந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. இன்றைக்கு வன்னியில் ஏழை வீட்டுச் சட்டியில் குளத்து மீன் என்றால் அநேகமாக இதுதான்.

கோடையில் தெளிந்த தண்ணீர் ஓரம் குனிந்து பாருங்கள். சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்டவட்டமாகக் குழி தெரியும். ஆண் மீன் வாலாலும் வாயாலும் தோண்டியது. பெண் வந்து முட்டையிட்டு, உடனே அத்தனை முட்டையையும் வாய்க்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரித்த பிறகும் அவற்றுக்கு வாய்தான் வீடு. ஏதாவது நிழல் விழுந்தால் குஞ்செல்லாம் புகைபோல் தாயின் வாய்க்குள் நுழைவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில் தாய் சரியாகச் சாப்பிடாது. ஆகவே குழிகள் நிறையத் தெரியும் கரையில், தாய் மீனுக்கு இரை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் குளத்து மீன் என்றாலே பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள். சேற்று மணம் போக என்ன செய்யலாம்?
(மல்லாவியிலிருந்து ஒரு தாய்)

பதில்: தங்கச்சி, அது சேறே அல்ல. தண்ணீரில் உள்ள ஒருவகைப் பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்கும் பொருள். ஜியோஸ்மின் என்று பெயர். கோடைக்குப் பின் முதல் மழை மண்ணில் விழும்போது ஒரு மணம் வருமே, அதுவும் இதே பொருள்தான். மண்ணில் வந்தால் மூச்சை இழுத்து மணக்கிறோம், மீனில் வந்தால் மூக்கைப் பொத்துகிறோம். பாசி கூடிய, தண்ணீர் வற்றிய மாதங்களில் இந்த மணமும் கூடும்.

இந்தப் பொருளுக்குப் புளிப்பு ஆகாது. புளிப்புப் பட்டால் உடைந்துபோகும். எங்கள் கிழவிகள் குளத்து மீனுக்குப் பழப்புளியைத் தாராளமாக விட்டது காரணத்தோடுதான். என் வீட்டில் செய்யும் முறை இது. செதில் போக்கி, வயிற்றைக் கீறியதும் உள்ளே கறுப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அதை விரல் நகத்தால் சுரண்டி முழுக்க எடுக்க வேண்டும். இதை விடுபவர்கள்தான் அதிகம். பூவையும் (செவுளை) எடுத்துவிட்டுக் கல்லுப்புப் போட்டு, கையில் வழுக்கல் போகும்வரை தேய்க்க வேண்டும். மூன்று தண்ணீரில் கழுவி, தேசிக்காய்ப் புளியோ கரைத்த பழப்புளியோ விட்டுக் கால்மணி நேரம் வைத்துவிட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். பிறகு மண்சட்டியில் வெங்காயம், வெந்தயம், உள்ளி தாளித்து, யாழ்ப்பாணத்துத் தூளும் புதுப்புளியும் விட்டுக் கொதிக்கவைத்து மீனைப் போடுங்கள். தேங்காய்ப்பால் கடைசியில் கொஞ்சம். அடுத்தநாள் காலை அந்தக் கறியைப் பழஞ்சோற்றுக்கு விட்டுக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: நாங்கள் சங்கத்தில் பதிந்து, வள்ளம் வைத்து, ஒழுங்காக வலை போடுகிறவர்கள். இரவில் வெளியிலிருந்து வருகிறவர்கள் தங்கூசி வலையால் சின்ன மீனையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு இன்னும் ஆட்கள் வரப்போகிறார்கள். இது சரியா?
(முத்தையன்கட்டு)

பதில்: நியாயமான கோபம். தூண்டில்காரனும் வெளியாள்தான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

படிப்பவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். தங்கூசி வலை, அதாவது ஒற்றை நைலோன் இழையில் பின்னிய வலை, சட்டப்படி தடை. குளத்தில் போடும் வலையின் கண்ணை நீட்டிப் பிடித்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. சின்னக் கண் உள்ள வலை, முட்டையே போடாத குஞ்சு மீனை எடுத்துவிடும். சங்கத்தார் அதை ஒத்துக்கொண்டு பெரிய கண் வலை போட்டு, விட்ட மீன் வளரட்டும் என்று காத்திருக்கும்போது, ஒருவன் இரவில் வந்து அந்தக் காத்திருப்பை அள்ளிக்கொண்டு போகிறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. கட்லா, ரோகு, மிரிகால் எல்லாம் இந்தியாவின் பெரிய ஆறுகளுக்குச் சொந்தமான மீன். ஓடும் வெள்ளத்தில்தான் அவை முட்டையிடும். எங்கள் குளத்தில் வளரும், கொழுக்கும், ஆனால் பெருகாது. நன்னீர் இறாலும் அப்படித்தான். அதன் குஞ்சுக்கு உவர்த்தண்ணீர் வேண்டும். ஆகவே குளத்தில் பிடிபடும் ஒவ்வொரு கட்லாவும் யாரோ வளர்த்து, பையில் ஒட்சிசன் அடைத்துக் கொண்டுவந்து விட்ட குஞ்சு. அநேகமாக அந்தச் செலவிலும் உழைப்பிலும் சங்கத்துக்குப் பங்கு உண்டு. நீங்கள் தூண்டிலில் நான்கு கிலோ கட்லாவைத் தூக்கிப் படம் எடுத்துச் சிரிக்கும்போது, அது ஒருவர் தோட்டத்து மாங்காய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டுப் பறித்தால் பிழையில்லை.

நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதுக் குளத்துக்குப் போனால் முதலில் மீன் நிறுக்கும் கொட்டிலுக்குப் போவேன். காலை ஏழுமணிக்கு வள்ளங்கள் கரைக்கு வரும். ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்காரர் நிற்பார்கள். "ஒரு தடி போடலாமோ?" என்று கேட்பேன். ஒருநாளும் யாரும் மாட்டேன் என்றதில்லை. எங்கே போட வேண்டாம் என்றும் அவர்களே சொல்வார்கள். தங்கள் வலை கிடக்கும் இடம் அது. உங்கள் குளத்துக்கும் வருவேன், கேட்டுவிட்டுத்தான் போடுவேன்.

கேள்வி: சுங்கான் குத்தினால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் பூசினார்கள்.
(ஒட்டுசுட்டான்)

பதில்: மண்ணெண்ணெயை விளக்குக்கு வையுங்கள். சுங்கான் ஒரு கெளிற்று வகை மீன். அதன் பக்கச் செட்டையில் உள்ள முள்ளில் விஷம் உண்டு. சூட்டுக்கு அது அடங்கும். கை பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில், அவியாமல் பார்த்து, குத்திய இடத்தை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வையுங்கள். ஆற ஆறச் சுடுதண்ணீர் சேருங்கள். முள் முறிந்து உள்ளே நின்றாலோ, வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரி. ஏற்பு ஊசி போட்டு நாளாகிவிட்டதென்றால் அதற்கும் சேர்த்துப் போங்கள். காலில் புண் உள்ளவர்கள் வயல் வாய்க்காலில் மீன் தடவ இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

கேள்வி: தபால் மாமா, எனக்குப் பன்னிரண்டு வயது. எல்லாரும் ஜப்பான் மீன்தான் பிடிக்கிறார்கள். எனக்கு விரால் பிடிக்க வேண்டும். எப்படி?
(அக்கராயன்)

பதில்: மருமகனே, இந்தப் பை முழுக்க இருந்த கடிதங்களில் உம்முடைய எழுத்துத்தான் வடிவு.

விரால் நடுக்குளத்து மீன் அல்ல. தாமரை, ஆம்பல், புல் நிற்கும் ஓரத்தில், முழங்கால் ஆழத்தில் நிற்கும். அதற்குச் செவுளால் மூச்சு விட்டால் மட்டும் போதாது, மேலே வந்து காற்றும் குடிக்க வேண்டும். ஆகவே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தால், தாமரை இலைகளுக்கு நடுவில் ஒரு "பொளக்" சத்தம் கேட்கும். ஒரு வளையம் விரியும். அந்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலேயே மறுபடி ஒரு சத்தம். அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று இப்போது உமக்குத் தெரியும். அவன் போகிற பக்கத்துக்கு இரண்டு முழம் முன்னால் இரையை வையும்.

இரைக்கு நாக்கிளிப்புழு போதும். வாழைக்கு அடியில் மண் கிண்டினால் கிடைக்கும். சின்னக் கெண்டை கிடைத்தால் இன்னும் நல்லது. ஜப்பான் மீனுக்கென்றால் கோதுமை மாவைப் பிசைந்து போடலாம், விரால் அதைத் திரும்பியும் பார்க்காது. மிதப்புக்குக் கடையில் காசு கொடுக்காதேயும். உங்கள் ஊரில் மயில் இல்லாத வளவு உண்டோ? ஆவணியில் இறகு கொட்டும். இறகின் அடித்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய சின்ன வளையம் போட்டுத் தங்கூசியைச் செருகினால், அதைவிட நல்ல மிதப்பு எங்கும் கிடையாது. வெள்ளையாகத் தெரியும், மீன் முகர்ந்தாலே நடுங்கும். விரால் கடித்தால் உடனே இழுக்காதேயும். முதலில் உதட்டால் பிடித்துக்கொண்டு போகும். மிதப்பு முழுக்கத் தாழ்ந்து சாய்வாக ஓடத் தொடங்கியபின் இழும்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய்ய வேண்டும். மழை தொடங்கிய பிறகு ஓரத்தில் கைப்பிடி அகலத்துக்குத் தண்ணீர் செம்மஞ்சளாகத் துடிப்பதைப் பார்ப்பீர். நூற்றுக்கணக்கில் விரால் பார்ப்பு. அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அப்போது எதைப் போட்டாலும் கோபத்தில் பாய்ந்து கடிக்கும். பெரியவர்கள் சிலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள், சுலபம். ஆனால் தாயைத் தூக்கிய பத்து நிமிடத்தில் கெளிறும் நீர்க்காகமும் பார்ப்பை ஒன்றும் மிச்சமில்லாமல் தின்று முடித்துவிடும். நான் உம்முடைய வயதில் ஒருமுறை அப்படிப் பிடித்து, கரையில் இருந்து அதைப் பார்த்தேன். வீட்டில் விரால் கறி. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தனியாகப் போகக் கூடாது. அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டும்.

கேள்வி: குளத்தில் முதலை இருக்கிறதா?
(பலர்)

பதில்: இருக்கிறது. இல்லை என்று யாராவது சொன்னால் அவருக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போடாதீர்கள், பிடித்த மீனை இடுப்பில் பறி கட்டித் தண்ணீருக்குள் வைத்திருக்காதீர்கள், கரையில் மீன் வெட்டிக் குடலை அங்கேயே எறியாதீர்கள். பொழுதுபடுவதற்கு முன் எழும்பிவிடுங்கள். அந்த நேரத்துக்கு யானையும் தண்ணீருக்கு வரும். காட்டுக்குள்ளால் குறுக்கு வழி போகும்போது சிவப்பு மிதிவெடிப் பலகை கண்டால், அதற்கு அப்பால் எவ்வளவு நல்ல மடு இருந்தாலும் திரும்பி வாருங்கள்.

கேள்வி: எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். உங்களுடைய சொந்த இடம் எது? உண்மையைச் சொல்லுங்கள்.
(துணுக்காய். கையெழுத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்தவர்போல இருக்கிறது)

பதில்: தெரிந்தவர்தான். உங்கள் வீட்டுக்கு எத்தனை மணியோடர் கொண்டுவந்திருப்பேன்.

சொல்கிறேன். பெரிய குளம் அல்ல, ஒரு ஊர்க் குளம். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். கட்டின் வடக்கு மூலையில் ஒரு மருதமரம். அதன் வேரொன்று தண்ணீருக்கு மேலால் கதிரைபோல வளைந்து போகும். அதில் இருந்து காலைத் தொங்கவிட்டால் பெருவிரல் தண்ணீரில் படும். அது ஒன்பது அடி. குளம் ஒன்பது அடியில் நிற்கும்போது அந்த வேருக்கு நேரே கீழே ஒரு பள்ளம், அதில் எப்போதும் இரண்டு மூன்று நல்ல மீன் நிழலுக்கு ஒதுங்கி நிற்கும். பத்து அடி என்றால் வேர் முங்கிவிடும், எட்டு என்றால் பள்ளத்தில் தண்ணீர் சூடாகி மீன் போய்விடும். வருஷத்தில் ஒரு இரண்டு கிழமைதான். அந்த இரண்டு கிழமையும் என் பாதையில் கடிதங்கள் கொஞ்சம் பிந்தித்தான் போயிருக்கும்.

இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை இல்லை, சைக்கிள் இல்லை, தடி இல்லை. மருது நின்றது. வேரும் இருந்தது. புதுத் தடி வெட்டிக்கொண்டு போய் அதிலேதான் முதலில் இருந்தேன்.

பிறகு குளத்தைத் திருத்தினார்கள். நல்ல வேலை, பிழை சொல்லமாட்டேன். கட்டை உயர்த்தி, வானையும் உயர்த்திவிட்டார்கள். கீழே வயல்காரருக்கு இப்போது சிறுபோகமும் செய்ய முடிகிறது. ஆனால் என் வேர் வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீருக்குள். முன்பு வைகாசியில் வந்த ஒன்பது அடி, இப்போது ஆவணி கடைசியில்தான் வருகிறது. போன வருஷம் ஆவணி இருபத்தாறாம் திகதி போய்ப் பார்த்தேன். வேர் ஒரு சாண் வெளியே தெரிந்தது, பாசி பிடித்துப் பச்சையாக. இருக்க முடியவில்லை, வழுக்கியது. பக்கத்தில் கட்டில் நின்றே போட்டேன். இரண்டு மீன்.

இந்த வருஷம் ஒரு சாக்குத் துண்டும் கொண்டுபோவேன். நீங்களும் வருவதென்றால் ஆவணி இருபதுக்குப் பிறகு ஒரு விடியற்காலை வாருங்கள். புழு நீங்கள் கிண்டிக்கொண்டு வர வேண்டும். எனக்கு இப்போது குனிய முடிவதில்லை.